டேங்குக்குப் போர்த்திய ஜமக்காளம்

துடியலூரில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில், மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் உறைவது ஒரு பிரச்சினையே இல்லை. குளிக்கும் முன் பாட்டிலை ஐந்து நிமிடம் அடுப்புப் பக்கத்தில் வைத்தால் போதும். அதே எண்ணெய் ஒரு இரும்பு டேங்க் நிறைய உறைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி, காங்கேயத்தில் கொப்பரை ஆட்டும் மில் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட பிறகுதான் எனக்கு வந்தது. நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள். அதைப் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். ஆகவே அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன்.

மில்லும் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. வாசலைத் தாண்டினால் கொப்பரை காயும் சிமெண்டுக் களம். களத்தின் ஓரத்தில், மேடை கட்டி அதன்மேல் எண்ணெய் டேங்க். அடியிலிருந்து ஒரு குழாய் வரும், அதைத் திறந்து டின்களில் பிடிப்பார்கள். காலை ஏழு மணிக்கு வருகிற லாரி, பிடித்த டின்களை ஏற்றிக்கொண்டு உக்கடத்துக் குடோனுக்குக் கிளம்பும். கோடையில் இதெல்லாம் தண்ணீர் பிடிப்பது மாதிரி சுலபம். கார்த்திகை பிறந்து பனி இறங்கியதும் டேங்குக்குள் எண்ணெய் வெண்ணெய்க்கட்டி மாதிரி இறுகிவிடும். அதனால் டேங்குக்குள் மின்சார ஹீட்டர் போட்டிருந்தார்கள். பொழுது சாயும்போது ஸ்விட்சைப் போட்டால் மறுநாள் லாரி கிளம்பியபின்தான் அணைப்பார்கள். விடிய விடிய, மனிதர்களெல்லாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, எங்கள் எண்ணெய் மட்டும் வெந்நீர்க் குளியலில் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம், என் கணவர் கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அதைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். யாராவது ஒரு சைபரைத் தவறுதலாகச் சேர்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கை முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்து, "அம்மணி, இந்த வருசம் போனது போவுட்டும். அடுத்த பனிக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணிப்போடறேன், பாரு" என்றார்.

அவர் சொன்னதைச் செய்கிறவர். எங்கிருந்து தொடங்குவார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அடுத்த கார்த்திகை பிறந்ததும் வீட்டிலிருந்து தொடங்கினார். முதலில் ஃபிரிட்ஜை நிறுத்தினார். "குளுரு காலத்துல ஃபிரிட்ஜ் எதுக்கு? வெளியில வெச்சாலே சில்லுனுதான இருக்குது" என்பது அவர் வாதம். இரண்டாம் நாள் தோசை மாவு பாத்திரத்தைவிட்டு இறங்கிச் சமையல் மேடையில் நடந்து போயிருந்தது. பிறகு வெந்நீருக்கு விறகடுப்பு வந்தது. பிறகு, வீட்டில் ஒரே ஒரு டியூப் லைட்தான் எரியலாம் என்று உத்தரவு. அதனால் சாப்பிடுகிறவர்கள், படிக்கிறவர்கள், துணி மடிக்கிறவர்கள், விருந்தாளிகள் எல்லோரும் ஒரே அறையில் கூடினோம். ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரி இருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "ஏனுங்க, ஊட்டுக்குத் தனி மீட்டர், மில்லுக்குத் தனி மீட்டர். இங்க லைட்டை நிறுத்துனா அங்க எப்படிங்க கொறையும்?"

அவர் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தில், இதை அவர் இதுவரை நினைத்தே பார்க்கவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும், "மொதல்ல பழக்கம் வரோணும் அம்மணி" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று சாயங்காலம் ஃபிரிட்ஜ் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அடுத்து டேங்கின் பக்கம் திரும்பினார். "மனுசனுக்குக் குளிருனா போத்திக்கறோம். டேங்குக்குக் குளிருனா?" என்று என்னைக் கேட்டார். இங்கேதான் என் பட்டப்படிப்பு விழித்துக்கொண்டது. வெப்பம் எப்படிக் கடத்தப்படும், கெட்டியான போர்வை அதை எப்படித் தடுக்கும் என்று அடுக்களை வாசலில் நின்றபடி கால் மணி நேரம் விளக்கினேன். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில்கூட நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கல்யாணமாகி அத்தனை வருடங்களில் நான் பேசியதை அவர் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று இன்றும் சொல்வேன்.

சாக்குகளில் தேங்காய் நாரைத் திணித்துத் தைத்து, டேங்கைச் சுற்றிக் கட்டினார்கள். மேல்பகுதிக்குச் சாக்கு போதவில்லை. வீட்டுக்குள் வந்து பீரோவைத் திறந்து, என் சீர்வரிசையில் வந்த பவானி ஜமக்காளத்தை எடுத்துக்கொண்டு போனார். "ரெண்டு நாளைக்குத்தான்" என்றார். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை போட்ட அந்த ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு டேங்க் களத்தோரத்தில் உட்கார்ந்திருந்தது, காய்ச்சலில் படுத்து எழுந்த பெரியவர் மாதிரி இருந்தது. சாலையில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

அன்று பொழுதோடு அவர் ஹீட்டரைப் போடவில்லை. பகல் சூட்டைப் போர்வை பிடித்து வைத்துக்கொள்ளும் என்று நான்தான் உறுதி சொல்லியிருந்தேன்.

டேங்கில் எண்ணெய் பிடிக்கிற வேலையைச் செய்தது களத்தில் வேலை பார்த்த ஓர் அக்கா. எங்கள் ஊரை ஒட்டிய காலனியிலிருந்து வருவார். அவருடைய அப்பா அம்மா காலமெல்லாம் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். இவர் மில் வேலைக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஐந்தரை மணிக்கு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கை இரண்டையும் அக்குளில் செருகியபடி வந்து நிற்பார். ஹீட்டர் போட்டாலும் குழாய்க்குள் இருக்கிற எண்ணெய் இறுகித்தான் இருக்கும். வெந்நீரை ஊற்றி, கம்பியை விட்டுக் குத்தி, விரலால் நோண்டி எடுத்து, அதன்பிறகுதான் எண்ணெய் வரும்.

மறுநாள் காலை அவர் கம்பியை விட்டுக் குத்தினார். வெந்நீர் ஊற்றினார். ஒன்றும் வரவில்லை. டேங்க் முழுக்கக் கல். லாரி ஏழு மணிக்கு வந்து நின்றது. எட்டு ஆனது, ஒன்பது ஆனது. டிரைவர் வண்டியிலேயே தூங்கிவிட்டார். என் கணவர் டேங்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் வீட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் ஜன்னலைவிட்டு நகர்ந்து நின்றுகொண்டேன்.

பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. டேங்கில் இன்னும் அசைவில்லை. அப்போது அந்த அக்கா களத்தின் நடுவிலிருந்து கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, சித்த இங்க வந்து பாருங்க."

முந்தின நாள் பிடித்து, மூடி சரியில்லை என்று ஒதுக்கிவைத்த ஒரு டின் களத்தில் கிடந்தது. காலையில் அதுவும் வெள்ளையாக இறுகித்தான் இருந்ததாம். இப்போது உள்ளே எண்ணெய் தெளிந்து, என் முகம் தெரிந்தது.

"பாத்தீங்களா? இது தானா எளகிப்போச்சு. அது எளகுல. வெயில் படாம நீங்கதான் போத்தி வெச்சிருக்கறீங்களே!"

நான் படித்த பௌதிகத்தில் இதுவும் இருந்தது. போர்வை உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது, வெளியே இருக்கும் சூட்டை உள்ளேயும் விடாது. முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை நான் மறந்துபோயிருந்தேன். அப்போது என் கணவரும் பக்கத்தில் வந்துவிட்டார். மூன்று பேரும் அந்த டின்னைக் குனிந்து பார்த்தோம்.

அந்த அக்கா விடவில்லை. "தெனமும் மத்தியானம் டேங்குல எண்ணெய் தானா எளகித்தானுங்க கெடக்குது. அப்பப் புடிச்சா கொழாய்ல தண்ணியாட்டம் வரும். அதைய விட்டுப்போட்டு, வெடியறதுக்கு முன்னால கல்லா இருக்கறப்பப் புடிக்கறோம். அதுக்கு ராத்திரியெல்லாம் கரண்டு வேற. ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே சொன்னனுங்க. ஆரும் காதுல போட்டுக்குல."

"கரண்டு பில்லு கொறையும்னு நெனச்சா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பில்லு உங்க பாடுங்க. எனக்குக் கை வெறச்சுப்போகுது. பாருங்க இதைய." கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. கம்பி குத்திய தழும்புகள் இரண்டு மூன்று இருந்தன. இத்தனை குளிர்காலமாக அந்தக் கையைத் தினமும் பார்த்திருக்கிறேன், காப்பி டம்ளர் கொடுத்து வாங்கியிருக்கிறேன். பார்த்ததாகவே ஞாபகம் இல்லை.

என் கணவர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாஞ் செரி. ஆனா லாரி ஏழு மணிக்கு வருதே?"

டிரைவரை எழுப்பினோம். லாரி மத்தியானம் வந்தால் ஆகுமா என்று கேட்கவே என் கணவருக்குத் தயக்கம். டிரைவர் கோபக்காரர் என்று பெயர். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார் ஒரு கேள்வி.

"ஏனுங்க, ஏழு மணிக்கு வரோணும்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"ஆமா. உங்களுக்கு அதான சௌகரியம்?"

"எனக்கென்னங்க சௌகரியம்? உங்களுக்காகத்தான் நான் நாலரை மணிக்கே எந்திரிச்சு வாரேன். உக்கடத்துல குடோன் தெறக்கறதே பத்தரை மணிக்குங்க. அதுவரைக்கும் கொளத்து மேட்டுல வண்டிய நிறுத்திப்போட்டு கொசுக்கடில தூங்கறேன்."

பிறகு விசாரித்தபோது தெரிந்தது, ஏழு மணி என்பது என் மாமனார் காலத்துக் கணக்கு. அப்போது சரக்கு திருச்சிக்குப் போனது, வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டியிருந்தது. திருச்சி வியாபாரம் நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஏழு மணி மட்டும் நிற்கவில்லை. டிரைவருக்காக நாங்களும் எங்களுக்காக டிரைவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்து, எல்லோரும் சேர்ந்து விடியற்காலையில் நடுங்கியிருக்கிறோம்.

மறுநாளே எல்லாம் மாறியது. சாக்கை அவிழ்த்தார்கள். டேங்குக்குக் கறுப்பு பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான். பௌதிகத்தின் மானத்தைக் காப்பாற்ற எனக்கும் ஏதாவது வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு எண்ணெய் பிடித்து இரண்டு மணிக்கு லாரி கிளம்பியது. மூட்டம் போட்ட நாட்களில் மட்டும் காலையில் ஒரு மணி நேரம் ஹீட்டர் ஓடியது. மற்ற நாளெல்லாம் அதன் ஸ்விட்சில் சிலந்தி கூடு கட்டியது. அந்த அக்கா எட்டு மணிக்கு வந்தார். ஜமக்காளம் எண்ணெய்ப் பிசுக்கோடு வீடு திரும்பியது. அதைப் பற்றி நான் என் கணவரிடம் பேசியதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அடுத்த தை மாதப் பில்லைப் பார்த்துவிட்டு என் கணவர் மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இந்தமுறை யாராவது ஒரு சைபரை விட்டுவிட்டார்களோ என்ற பயம்.

கொஞ்ச நாளில் ஊரில் மில்காரர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஒன்று நடந்தது. பில் குறைந்த கதையைக் கேட்டு இவரைப் பேசச் சொன்னார்கள். குடும்பத்தோடு அழைத்திருந்ததால் நானும் போயிருந்தேன். மைக்கைப் பிடித்ததும் அவர் குரலே மாறிவிட்டது. "நாங்க ஒரு வருசமா ஆராய்ச்சி பண்ணினோமுங்க" என்று ஆரம்பித்தார். சூரிய வெப்பம், கறுப்பு நிறம், நேர மாற்றம் என்று பேசப் பேச எனக்கே புதிய செய்திகளாக இருந்தன. கைதட்டினார்கள். போர்வை, ஜமக்காளம், ஃபிரிட்ஜ் எதுவும் அந்த ஆராய்ச்சியில் இடம்பெறவில்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டேன். "அந்த ஆராய்ச்சில நான் என்னங்க பண்ணுனேன்?"

"நீ ஜமக்காளம் குடுத்தயல்ல?"

"அக்கா?"

அவர் ஸ்கூட்டரை இன்னும் வேகமாக முறுக்கினார்.

மறுநாள் காலை நான் களத்துக்குக் காப்பி கொண்டுபோனபோது, அவர் அந்த அக்கா முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன் நிற்கிற மாதிரி இருந்தது.

"நீ சொன்ன ரோசனைய கூட்டத்துல என்னுதுன்னு பேசிப்போட்டேன். மனசுக்குச் செரியா இல்லை."

அந்த அக்கா கொப்பரையைத் திருப்பிப் போடுவதை நிறுத்தாமலேயே சிரித்தார். "பேசிக்கங்க. எனக்கதுல என்னங்க. ஆனா ஒண்ணு. பங்குனி பொறந்தா வெயில் வந்துருச்சு, எண்ணெய் உறையாது, மறுபடி அஞ்சரைக்கு வான்னு சொல்லிப்போடாதீங்க. எட்டு மணிக்கு வாரதுல, புள்ளைக்குச் சோறு ஆக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போட்டு வாரேன்."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பங்குனியில் நேரத்தை மாற்றப்போவதாக முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"செரி, எட்டு மணியே இருக்கட்டும்" என்றார்.

"வருசம் பூராவுங்களா?"

"வருசம் பூராவும்."

அந்த அக்கா அப்போதுதான் நிமிர்ந்து, என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.