வெர்னா டல்லக் வீட்டு வாசலில் நூற்று முப்பது சுற்று

ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் மலைமேல் கார்ப் பந்தயம் ஓடும் சாலை மற்ற நாட்களில் பால் வண்டி போகும் சாதாரணச் சாலை. வளையமாகச் சுற்றிவரும் அதன் உள்பக்கத்தில் டல்லக் தம்பதியின் ஆப்பிள் தோட்டமும் தகரக்கூரை வீடும் இருந்தன. அக்டோபரில் பந்தய ஞாயிறன்று மட்டும் காலை ஆறு மணிக்குத் தடுப்பைப் போட்டுவிடுவோம். பிறகு மாலை வரை யாரும் உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது.

நானும் மெர்வும் அந்த வாசலருகே கொடி காட்டும் வேலையில் ஏழு வருஷம் நின்றோம்.

வெர்னா, ஆடு மேய்ப்பவர்கள் ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே வந்தவர். பழ டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டும் வேலை பார்த்தார். போரிலிருந்து திரும்பிய லெஸ்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளை இல்லை. வருஷம் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத லெஸ், பந்தயத்தன்று வேலியோரம் பழப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்துவார். ஹோல்டன் கார்களின் கட்சி. கடையில் யாரும் வாங்கக்கூடிய கார்கள்தான் ஓடும் என்பதால், தன் வீட்டுக் காரே ஓடுவதாக அவருக்கு நினைப்பு.

அந்த வருஷம் பெட்டி காலியாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வெர்னா வழக்கம்போல ஆட்டுக்கறி சாண்ட்விச் கொண்டுவந்தார். ஓரங்கள் வெட்டி, ஈரத்துணி போர்த்தியிருந்தது.

"எங்க உங்க வீட்டுக்காரரு?" என்றான் மெர்வ். "ஹோல்டன் அடிவாங்குறத பாக்க வெக்கமா இருக்காமா?"

"படுத்திருக்கார்."

"எழுப்பி விடுங்க! ரெண்டாவது எடத்துக்கு வந்துருச்சுன்னு சொல்லுங்க."

"சொல்றேன்," என்று உள்ளே போனார்.

மூன்று மணிக்குத் தேநீர் கொண்டுவந்தார். கோப்பைகளை வாங்கும்போது அவர் கை குளிர்ந்திருந்தது. அன்று வெயில் நன்றாகவே அடித்தது. நான் எதுவும் கேட்கவில்லை. வளைவில் ஒரு கார் மண்ணில் இறங்கியிருந்தது, மஞ்சள் கொடி காட்ட ஓடினேன்.

நூற்று முப்பது சுற்றும் முடிந்து கூட்டம் கலைய ஆரம்பித்தபோது வேலிக்கு வந்தார்.

"கோலின், தடுப்ப எடுத்தாச்சா?"

"இன்னும் அரை மணி ஆகும் மிசஸ் டல்லக். எங்கயாச்சும் போகணுமா?"

"டாக்டர் வரணும். லெஸ் காலையிலயே செத்துட்டார்."

மெர்வ் தொப்பியைக் கழற்றினான்.

"எங்ககிட்ட போன் இருந்துச்சே," என்றேன். "சொல்லியிருந்தா பந்தயத்தையே நிறுத்தியிருப்பாங்களே!"

"உயிர் இருந்தா கேட்டிருப்பேன். நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டார். தொட்டுப் பாத்தேன். அப்புறம் என்ன அவசரம்?"

சமையலறையில் லெஸ் நாற்காலியிலேயே இருந்தார். வெர்னா அவருக்குச் சட்டை மாற்றியிருந்தார், பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். மேசைமேல் ரேடியோ பரிசளிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை.

கீழே இறங்கும் ஆயிரக்கணக்கான கார்களுக்கு எதிரே டாக்டர் ஏறிவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. சவவண்டி திரும்பும்போதும் அந்த நெரிசலில்தான் மாட்டியது. முன்னும் பின்னும் ஹாரன் அடித்துக்கொண்டு, ஜன்னலில் கொடி பறக்கவிட்டுப் போனார்கள்.

வெர்னாவின் தங்கை ஆரஞ்ச் என்ற ஊரிலிருந்து வந்து அழைத்துப்போனாள். மூன்றாம் வாரமே திரும்பிவிட்டார். மரங்களைத் தானே கவாத்து செய்தார். ஒருநாள் வேலியோரம் அவரிடம் கேட்டேன், அன்றைக்கு எப்படித் தாங்கினீர்கள் என்று.

"தாங்க என்ன இருந்துச்சு? ஒண்ணுமே தோணல. சத்தம் கேட்டா ஒரு கார் போகுதுன்னு தெரியும். போனதும் அடுத்தது வரும். சாயங்காலம் சத்தம் நின்னப்பதான் பயமா இருந்துச்சு."

"அழுதீங்களா?"

"வருமோன்னு பாத்தேன். வரல. இன்னும் வரல."

கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். நாலு வருஷம் கழித்துத் தோட்டத்தை விற்றுவிட்டுத் தங்கையோடு போய்விட்டார்.

அந்த நாலு பந்தயங்களிலும் நான் அங்கே நிற்கவில்லை. மலை உச்சிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், கொடுத்தார்கள். அவரிடம் சொல்லவில்லை. முதல் வருஷம் மெர்விடம் விசாரித்தாராம், கோலினுக்கு உடம்பு சரியில்லையா என்று. அவன் ஆமாம் என்று சொல்லிவைத்தான்.