ஓடுவதற்கு ஏற்ற தறிச் சத்தம்

இன்று காலை, காந்திபுரத்தில் புதிதாகச் சேர்ந்த ஜிம்முக்குப் போனேன். உள்ளே என் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

போன வருடம் கம்ப்யூட்டரில் செய்து இணையத்தில் போட்ட எலக்ட்ரானிக் பாட்டு. கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் சத்தத்தைப் பதிவு செய்து, அதையே தாளமாக வைத்திருந்தேன். நடுவில், அங்கே தறி ஓட்டும் சரோஜா அக்காவின் குரல் வரும்.

"இருவது வருசமா இந்தச் சத்தத்துல நின்னு காது போச்சுங்க. மொதலாளிகிட்ட சொன்னா, பழகிக்கோன்னு சொல்லிப்போட்டாங்க."

அந்த இரண்டு வரிக்காகத்தான் பாட்டே. ஊரே கேட்கும் என்று அக்காவிடம் சொல்லித்தான் பதிவு செய்தேன்.

குரல் வரவேண்டிய இடம் வந்தது. குரல் வரவில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

பயிற்சியாளரிடம் கேட்டேன். "ஏனுங்க தம்பி, இதுல ஒரு அம்மா பேசுவாங்களே?"

"ஆமாங்க்கா. அது வந்தா ட்ரெட்மில்லுல ஓடறவங்க நின்னுபோடறாங்க. அதான் வெட்டிப்போட்டேன். பீட் செமையா இருக்குதுங்களா?"

"நான் செஞ்ச பாட்டுங்க அது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட! அப்ப பேச்சில்லாம இன்னொண்ணு செஞ்சு குடுங்க்கா."

சண்டை போடத் தெம்பில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு நானும் ஏறி ஓடினேன். ஓட நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வெட்டாத பாட்டைக் கமெண்டில் போட்டிருக்கிறேன். ஓடிக்கொண்டே கேட்டுவிட்டு, எந்த இடத்தில் நின்றீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.