கடல்காற்று இறங்கினால்தான்

கலியமூர்த்திதான் முதலில் பேசினான். கையில் அரிவாளோடு வேப்பமரத்தடியில் வந்து நின்று, “அண்ணி, இன்னக்கி மேலவெளியில சோகெ கொளுத்தலாம்னு இருக்கேன். பொகையப் பாத்துட்டுத் தண்டவாளத்த அடிச்சிப்புடாத” என்றான்.

கொளஞ்சியம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. “போன வருசம் நீ சொல்லாமக் கொளுத்தி, நான் அடிச்சி, ஊரு சனமெல்லாம் கொடத்தோட ஓடியாந்து ஒன்ன நனைச்சிட்டுப் போச்சே, மறந்துபோச்சா?”

“அதனாலதான சொல்ல வந்தேன்.”

“நனைஞ்சதும் நல்லதுதான். வருசத்துல அந்த ஒரு நாளாவது குளிச்ச.”

பள்ளிக்கூடத்துச் சாவிக்காக நின்றுகொண்டிருந்த லோகநாயகி சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

“டீச்சரம்மா முன்னாடி மானத்த வாங்காத அண்ணி” என்று சொல்லிவிட்டுக் கலியமூர்த்தி நடந்தான். கொஞ்ச தூரம் போனவன் திரும்பி நின்றான். “இப்ப மேக்காத்து அடிக்குது. கடக்காத்து எறங்குனாத்தான் கொளுத்துவேன். எறங்கலன்னா இன்னக்கி இல்ல, நாளக்கித்தான். தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது போடா. காத்தப் பத்தி எனக்கே பாடம் நடத்துறான். அதுக்குத்தான் டீச்சரம்மா இருக்காங்கல்ல?”

அவன் சிரித்துக்கொண்டே போனான். கொளஞ்சியம்மாளும் சிரித்துக்கொண்டே மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் பேச்சு. ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகியிருக்காது.

நெல்லிக்குப்பத்துக்கு மேற்கே, கரும்பை நம்பியே பிழைக்கும் ஓடைமேட்டில் இப்படிச் சொல்லிவிட்டுப் போவது ஒரு வழக்கம். கரும்பு வெட்டியபின் காய்ந்த தோகை வயல் முழுக்கக் கிடக்கும். அதைத்தான் சோகை என்பார்கள். கொளுத்திவிட்டுத்தான் அடுத்த வேலை. மேல்காற்றில் கொளுத்தினால் பொறி ஊருக்குள் பறக்கும் என்பதால், கிழக்கிலிருந்து கடல்காற்று வந்தபிறகே கொளுத்துவார்கள். ஊரில் வீடுகளுக்குக் கூரை வேய்வதும் அதே சோகையால்தான். வயல் எரிந்தாலும் வீடு எரிந்தாலும் ஒரே நிறத்துப் புகை, ஒரே வாசனை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் கொளுத்தப்போகிறவன் கொளஞ்சியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லாமல் எழுந்த புகை எதுவானாலும் அவள் தண்டவாளத்தை அடித்துவிடுவாள்.

அவளுடைய குடிசைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருந்த வேப்பமரத்தில், பஞ்சாயத்தார் எங்கிருந்தோ வாங்கிவந்த பழைய தண்டவாளத் துண்டு ஒன்று சங்கிலியில் தொங்கியது. அதை அடிக்க ஓர் இரும்புத் தடி. விடாமல் அடித்தால் தீ. இரண்டிரண்டாக அடித்தால் பாம்புக்கடி அல்லது பிரசவ வலி. மாடு கையில் இருக்கிறவன் உடனே வண்டி கட்டவேண்டும். ஒவ்வொன்றாக நிறுத்தி அடித்தால் பெண்ணையாற்றில் வெள்ளம். தீயணைப்பு வண்டி கடலூரிலிருந்து வரவேண்டும். அதைக் கூப்பிட யாராவது சைக்கிளில் நெல்லிக்குப்பம் போய்த் தொலைபேசியில் சொல்லவேண்டும். அது வந்து சேர்வதற்குள் ஊரைக் காப்பாற்ற அந்த இரும்புத் துண்டும் அவள் வலது கையும்தான்.

தண்டவாளத்தைத் தொங்கவிட்ட அன்று, யார் அடிப்பது என்ற கேள்வி வந்தது. ஆண்கள் எல்லாரும் விடிந்தால் வயலுக்குப் போய்விடுவார்கள். கொளஞ்சியம்மாள் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, “நான் அடிக்கிறேன்” என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும். அவள் சிதம்பரத்துப் பக்கம் கொள்ளிடக்கரை ஊரில் பிறந்தவள். வெள்ளம் வந்ததை ஊர் அறிவதற்குள் வாசலில் தண்ணீர் நின்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவள். வாக்கப்பட்டு வந்த இந்த ஊரிலோ, கரும்பு வண்டி ஓட்டிய அவள் கணவர் பாம்பு கடித்து வரப்பில் விழுந்து கூப்பிட்ட குரல் எந்த வண்டிக்காரன் காதிலும் விழாமல் போனது. அதற்குப் பிறகு யாருடைய குரலும் அப்படிப் போகக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இருந்ததாகத் தெரியவில்லை. சிரிப்பும் கிண்டலுமாகப் பேசினாலும், சந்தைக்குப் போவதென்றால் தடியை இன்னொருத்தி கையில் கொடுக்காமல் போகமாட்டாள். மேலத்தெரு பட்டம்மாளுக்கு வலி கண்டபோது இரண்டிரண்டாக அடித்து, வந்த வண்டியில் தானும் ஏறிக் கடலூர் ஆஸ்பத்திரிவரை போனவள். அங்கே பிறந்த பெண் குழந்தையை முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான்.

லோகநாயகி அந்த ஊருக்கு உதவி ஆசிரியையாக வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடலூரில் தமிழும் இங்கிலீஷும் படித்துவிட்டு வந்தவள் என்று ஊரில் பெருமையாகச் சொல்லுவார்கள். ஆனால் எந்தப் பாஷையிலும் அதிகம் பேசமாட்டாள். கொளஞ்சியம்மாள் வாய் நிறைய ‘டீச்சரம்மா’ என்பாள். மரியாதை அத்தோடு சரி. மற்றதெல்லாம் ‘நீ’தான். லோகநாயகிக்கு அது பிடித்திருந்தது.

அன்று கடல்காற்று இறங்கவில்லை. உச்சி வேளை வரைக்கும் மேல்காற்று அனலாக வீசியது. பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக, மேற்கே புகை எழுவதை லோகநாயகி பார்த்தாள். கலியமூர்த்தி கொளுத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வேப்பமரத்தடியில் கொளஞ்சியம்மாளும் நிமிர்ந்து புகையைப் பார்ப்பது தெரிந்தது. கொடியில் காய்ந்த சேலை மேற்கிலிருந்து கிழக்காக, பள்ளிக்கூடத்தை நோக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. கொளஞ்சியம்மாள் எழுந்து, சேலை பறந்துவிடாமல் அதன் நுனியை ஒரு கல்லை வைத்து அழுத்தினாள். பிறகு உட்கார்ந்து முறத்தை எடுத்துக்கொண்டாள்.

எரிந்த சோகைத் துணுக்கு ஒன்று, விளிம்பில் இன்னும் நெருப்பு மின்ன, அந்த முறத்திலேயே வந்து விழுந்தது. அப்புறம்தான் அவள் தடியை எடுத்தாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வரும்வரை அடித்தாள். வயலிலிருந்து ஆண்கள் ஓடிவந்து, துறட்டி போட்டுப் பக்கத்துக் கூரைகளை இழுத்துத் தள்ளி, தெருவை ஒருவழியாகக் காப்பாற்றினார்கள். மேற்கே தெரிந்த புகை வயலுடையது அல்ல, மேலத்தெருக் கூரைகளுடையது; முன்னதாகவே பிடித்துக்கொண்ட மூன்று வீடுகள் போய்விட்டன. அதில் ஒன்று பட்டம்மாளுடையது. கிணற்றடியிலிருந்து ஓடிவந்தவள், தூளியில் தூங்கிய குழந்தையை எடுக்க உள்ளே புகுந்தாள். குழந்தைமேல் ஒரு பொறிகூடப் படவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்துபோயின.

அவளை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டி கிளம்பியபின் தீயணைப்பு வண்டி வந்தது. புகைந்துகொண்டிருந்ததை நனைத்தார்கள். அதிகாரி கேட்டார்: “மணி அடிக்க ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு?”

கொளஞ்சியம்மாள் வாயைத் திறப்பதற்குள், வீட்டைப் பறிகொடுத்தவர்களில் ஒருவரான மணவாளன் முந்திக்கொண்டார். “அதும்மேல தப்பு இல்லீங்க. சோகெ கொளுத்தப் போறேன்னு கலியமூர்த்தி சொல்லிட்டுப் போயிருக்கான். அது நம்பிடுச்சி. இவன் கொளுத்தாம, வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட நெல்லிக்குப்பம் போயிட்டான். கொளுத்தலன்னா வந்து ஒரு வார்த்த சொல்லணுமா இல்லியா?”

திரும்பி வந்ததும் தீயை அணைக்க இறங்கியிருந்த கலியமூர்த்தி முகமெல்லாம் கரியோடு நின்றான். “நான்... காத்து...” என்று ஆரம்பித்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் குரல் குழம்பியது. “சொன்னேனா இல்லியான்னு எனக்கே நெனப்பு வரலியே. அண்ணி, நீ சொல்லு.”

எல்லாரும் கொளஞ்சியம்மாளைப் பார்த்தார்கள். அவள் கிழிந்துபோன தன் உள்ளங்கையைப் பார்த்தாள். லோகநாயகி காத்திருந்தாள். இது கொளஞ்சியம்மாள் சொல்லவேண்டிய சொல். தான் முந்திக்கொள்வது நன்றாக இருக்காது என்று நினைத்தாள். அப்படி நினைத்தது நியாயமா, பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. அதிகாரி வண்டியில் ஏறிவிட்டார். தப்பு கலியமூர்த்தி தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு டீக்கடையில் அவன் பீடி எடுத்தால், “என்னாப்பா, பத்தவைக்கப் போறியா? அண்ணிகிட்ட சொல்லிட்டியா?” என்பார்கள். முதலில் அவனும் சிரித்துப் பார்த்தான். பிறகு டீக்கடைக்கே போகவில்லை. கொளஞ்சியம்மாளோ எந்தப் புகையைப் பார்த்தாலும் அடிக்கத் தொடங்கினாள். நெல் அவிக்கும் புகைக்கும் அடித்தாள். ஆண்கள் குடத்தோடு ஓடிவந்து, முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். “பாவம், மனசு அடிச்சிக்குது அதுக்கு. இவன் பண்ணுன வேலை” என்று அதையும் கலியமூர்த்தி கணக்கிலேயே எழுதினார்கள்.

பட்டம்மாள் இரண்டு கைகளிலும் கட்டோடு ஊருக்குத் திரும்பினாள். கொளஞ்சியம்மாள் தினமும் போய் அவளுக்குத் தலைவாரி, சோறு ஊட்டினாள். கலியமூர்த்தி தன் மூங்கிலையும் தன் சோகையையும் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே அவள் வீட்டுக்குக் கூரை வேயத் தொடங்கினான். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு, தீப்புண்ணுக்கு மருந்து கொடுக்க லோகநாயகி போனபோது, அவன் மேலே கட்டிக்கொண்டிருந்தான். கீழே கொளஞ்சியம்மாள் பட்டம்மாளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“அவன் போட்ட கூரைக்குக் கீழ படுக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரு பெரியம்மா.”

“ஒரு வாய் வாங்கு.”

“ஒன் கையால குடுக்குறதால எறங்குது. அவனுக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருந்தா அவன் வாயி தேஞ்சா போயிருக்கும்?”

மேலே கயிறு இழுக்கும் சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “கீழ யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று குரல் வந்தது. யாரும் அசையவில்லை. கொளஞ்சியம்மாள் சோற்றுக்கையோடு எழுந்தாள். “நீ எதுக்குப் பெரியம்மா? எறங்கிவந்து மொண்டுக்கட்டும்” என்றாள் பட்டம்மாள். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

லோகநாயகி செம்பில் தண்ணீர் மொண்டு ஏணியில் பாதிவரை ஏறி நீட்டினாள். அவன் குடித்துவிட்டு, “நல்லா இருக்கணும் டீச்சரம்மா” என்றான். அவள் காலிச் செம்பை வாங்கிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் இறங்கினாள்.

மறுநாள் காலையில் சாவிக்குப் போனபோது, கொளஞ்சியம்மாள் சாவியை எடுத்தாள், கொடுக்கவில்லை.

“அன்னக்கி நீ இங்கதான நின்ன?”

“ஆமாம்.”

“காத்தப் பத்தி அவன் சொன்னது ஒன் காதுல விழுந்துதா?”

“விழுந்துது.”

“எனக்கும் விழுந்துது. பொகையப் பாத்தப்ப சேல எந்தப் பக்கம் பறக்குதுன்னும் பாத்தேன். கல்லத் தூக்கி வெச்சனே தவுர புத்தியில ஒறைக்கல.” கொளஞ்சியம்மாள் சாவியை உள்ளங்கைத் தழும்பில் வைத்து அழுத்திக்கொண்டாள். “நீ ஏன் இத்தினி நாளா வாயத் தொறக்கல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

“நீ சொல்லிப்புடுவியோன்னு நான் இருந்தேன். தெனமும் சாவி குடுக்குறப்ப ஒன் மொகத்தப் பாப்பேன். இன்னக்கி சொல்லிடுவா, இன்னக்கி சொல்லிடுவான்னு பாப்பேன். நீ வாங்கிக்கிட்டுப் போனதும், அப்பாடான்னு இருக்கும். அந்த அப்பாடாதான் என்னெக் கொல்லுது. என் ஊட்டுக்காரரு கூப்புட்டது ஒருத்தன் காதுலயும் விழல, அத வெச்சி ஊரையே நான் பேசுனேன். இவன் சொன்னது என் காதுல விழுந்துது. விழலங்கிற மாதிரி நிக்கிறேன்.”

கொளஞ்சியம்மாள் லோகநாயகியைப் பக்கத்தில் இழுத்து, சாவியை அவள் கையில் வைத்து மூடினாள்.

“பள்ளிக்கூடம் விட்டதும் எங்கூட பட்டம்மா ஊட்டுக்கு வா. அவனக் கூரையிலேர்ந்து எறங்கச் சொல்லி, எல்லார் முன்னாடியும் வெச்சி நானே சொல்றேன். சோகெ கொளுத்தப் போறேன்னு அவன் சொன்னது வரைக்கும் சொல்லிடுவேன். கடக்காத்துங்கிற எடம் வந்ததும் நின்னுடுவேன், எனக்குத் தெரியும். அப்ப மிச்சத்த நீ சொல்லணும் டீச்சரம்மா. அவன் சொன்னபடியே சொல்லு. தெரிஞ்சுது போடான்னு நான் சிரிச்சேன் பாரு, அதையும் விட்டுறாதே.”