கண்டக்டர் காலுக்கு ஒரு மேட்

"இதுவும் வேணாம்மா" என்றார் கண்டக்டர்.

கடைக்காரம்மா கையிலிருந்த மேட்டைக் கீழே விட்டார். ஏற்கெனவே வேண்டாம் என்று ஒதுக்கியவை தரையில் குவிந்து கிடந்தன. அவற்றின் உச்சியில் இதுவும் போய் விழுந்தது. கார்களுக்கு சீட் கவரும் மேட்டும் மாட்டித்தரும் கடை அது. சுவர் நிறைய ஸ்டீயரிங் உறைகள் தொங்கின. பின்கட்டில் தையல் மெஷின் விட்டுவிட்டு ஓடியது. எங்கே திரும்பினாலும் புது ரெக்ஸின் நாற்றம். கண்டக்டருக்குப் பின்னால் வந்தவர்கள் மேட் வாங்கி, மாட்டி, கிளம்பியும் போய்விட்டார்கள். அவருடைய சாம்பல் நிறக் கார் மட்டும் நான்கு கதவும் திறந்தபடி வாசலில் நின்றது. சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"அண்ணே, படுக்குற மெத்தைக்கே யாரும் இவ்வளவு பார்க்க மாட்டாங்க. செருப்புக் காலோட மிதிக்கப்போறீங்க, அவ்வளவுதானே?"

"செருப்பு போட மாட்டேன். வெறுங்காலோடதான் ஓட்டுவேன்."

"புது வண்டி வாங்குறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ஒரு மழை பெய்யட்டும், அப்புறம் பார்க்கலாம்."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மச்சான் சிரித்தான். கண்டக்டர் மனைவியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஷோரூமிலிருந்து காரை இங்கே கொண்டுவந்தது அவன்தான். "எங்க அக்காவைக் கட்டிக்கக்கூட மாமா இவ்வளவு யோசிக்கலம்மா. ஒரே பார்வை, சரின்னுட்டாரு."

"அப்ப விட்டதைத்தான் இப்ப மேட்டுல பிடிக்கிறாரு" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. இதற்காக அரை நாள் லீவு போட்டிருந்தாள். அந்த அரை நாளும் முடிகிற நேரம்.

கண்டக்டர் சிரிக்கவில்லை. அடுத்த மேட்டின் முன்னால் செருப்பைக் கழற்றினார். வலது பாதத்தை அதன்மேல் வைத்தார். குதிகாலை அழுத்தினார், விரல்களை விரித்தார், மெல்லத் தேய்த்தார். பிறகு அசையாமல் நின்றார், கதவைத் தட்டிவிட்டு உள்ளேயிருந்து குரல் வருமா என்று காத்திருப்பவர்போல.

குரல் வரவில்லை.

"வேணாம்" என்றார்.

வேலையை விட்டு வந்த பிறகும் தெருவில் அவர் கண்டக்டர்தான். மருந்துக்கடைச் சீட்டில்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள். ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றே காலத்தை ஓட்டியவர். ஒரு கையில் டிக்கெட், இன்னொரு கையில் சில்லறை. கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? பிடிமானம் முழுவதும் பாதத்தில். கூட்டம் ஜன்னலை அடைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பத்துப் பேர் அக்குளுக்கு நடுவே மூக்கை நீட்டி மூச்சு வாங்குவதே பெரும்பாடு. அப்போதும் ஒரு நிறுத்தத்தின் பெயரைக்கூட அவர் மாற்றிச் சொன்னதில்லை. பாலத்தில் ஏறினால் தரைத் தகடு குதிகாலில் கிடுகிடுக்கும். மார்க்கெட் ரோடு வழவழவென்று வரும். ஆஸ்பத்திரி வளைவில் உடம்பின் எடை முழுவதும் இடது பெருவிரலுக்குப் போகும். காலுக்குத் தெரிந்ததை வாய் சொல்லும். நடுவில் கண்ணுக்கு வேலையே இல்லை.

கல்லூரிக்குப் போகும் நாட்களில் மச்சான் அந்த பஸ்ஸில்தான் போவான். "கண்ணை மூடிக்கிட்டு எங்க இருக்கோம்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று நண்பர்கள் முன்னால் மாமாவைச் சோதிப்பான். ஒரு தடவைகூட அவன் ஜெயித்ததில்லை. பஸ்ஸே கைதட்டும்.

எத்தனையோ டிரைவர்களின் முதுகைப் பார்த்தபடி நின்ற மனிதருக்கு ஒரே ஓர் ஆசை. தன் வண்டியில் தானே ஸ்டீயரிங் பிடித்து, மகள் இருக்கும் ஊருக்குப் போய், அவள் வீட்டு வாசலில் ஹார்ன் அடிக்க வேண்டும். யாரடா அது என்று அவள் எட்டிப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் இந்தக் கார் வந்தது. லைசென்ஸ் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று மகளிடம் சொல்லியாயிற்று. எதில் வருகிறோம் என்று சொல்லவில்லை.

ஆனால் அவருடைய கால் பேச்சை நிறுத்திவிட்டது.

சர்க்கரை அவருக்கு வெகுகாலமாக உண்டு. அது ரத்தத்தில்தானே இருக்கிறது, காலுக்கு என்ன என்று இருந்துவிட்டார். முதலில் பாதத்தில் பஞ்சு சுற்றிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. பிறகு அந்தப் பஞ்சும் தெரியாமல் போயிற்று. ஒருநாள் கடைக்குப் போய்வந்து வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார்; ஒரு காலில் செருப்பே இல்லை. வந்த வழியே திரும்பிப் போனால், பாதித் தெருவில் அது மல்லாந்து கிடந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் வண்டியைத் தொடாதே என்பார். அதைக் கேட்கவா காசு கொடுத்து டோக்கன் வாங்குவது?

மைதானத்தில் மச்சான் ஓட்டப் பழக்கியபோதும் சமாளித்தார். பிரேக்கை ஒன்று தடவினார், இல்லாவிட்டால் உதைத்தார். "இது பஸ் இல்ல மாமா, பாவம், வலிக்கும்" என்று மச்சான் கேலி செய்தான். எந்தப் பெடலில் கால் இருக்கிறது என்று அடிக்கடி குனிந்து பார்த்தார். "காலைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க!" என்று அவன் கத்தினான். கண்டக்டர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பழைய வண்டி, தேய்ந்துபோன வழுக்கு மேட், அதில் எந்தக் காலுக்குத்தான் என்ன தெரியும்? புது வண்டிக்கு நல்ல மேட்டாகப் போட்டால், சொரசொரப்பாக, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும்படி ஒன்று கிடைத்தால், எல்லாம் சரியாகிவிடும்.

அந்த ஒன்றைத்தான் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். காலுக்குத் தெரிகிற ஒரு மேட்.

"ஏங்க, இது நல்லா இருக்கே" என்று மனைவி ஒரு கறுப்பு மேட்டைக் கையால் தடவிக் காட்டினாள். சுருள் சுருளாக இழை பின்னிய மேட். "தொட்டாலே குறுகுறுங்குது பாருங்க."

"குறுகுறுங்குதா?" அவர் ஆவலாக வந்து காலை வைத்தார். முகம் மெல்ல வாடியது. "அவ்வளவா இல்லையே."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? எனக்கு உள்ளங்கையே கூசுது."

"ஓட்டப்போறது நான். என் காலுக்குத்தானே மேட் பார்க்கணும்? உன் கைக்கா?"

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. கடைக்காரம்மா ஒன்றும் கேட்காதவர்போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி மேட்டைக் கீழே வைத்தாள்.

நிலைமையைக் கலகலப்பாக்க மச்சான் எழுந்து வந்தான். நல்ல எண்ணத்தில்தான் வந்தான்.

"அம்மா, உங்களுக்கு எங்க மாமாவைத் தெரியாது. அவர் காலுக்குத் தெரியாத ரோடே கிடையாது. பஸ்ஸுல கண்ணை மூடிக்கிட்டு ஸ்டாப் சொல்ற ஆளு. மாமா, இங்க வந்து நில்லுங்க. கண்ணை மூடுங்க. நான் ஒவ்வொரு மேட்டா கால்கிட்ட போடுறேன். எது என்னன்னு சொல்லுங்க. எது நல்லா இருக்கோ அதை மாட்டிட்டுக் கிளம்புவோம். அக்கா ஷிஃப்டுக்குப் போகணும்."

"அதெல்லாம் எதுக்குப்பா?"

"அட, வாங்க மாமா. பழைய ஆட்டம்தானே!"

கடைக்காரம்மாவும் கல்லாவை விட்டு எட்டிப் பார்த்தார். பின்கட்டில் தையல் மெஷின் நின்றது. தைப்பவரும் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. எத்தனையோ வருடம் கூட்டத்தைச் சமாளித்த மனிதருக்கு இந்த நாலு பேரிடமிருந்து நழுவ வழி தெரியவில்லை. கண்ணை மூடினார்.

முதல் மேட்டை மச்சான் போட்டான். அது தரையில் பட்டென்று அடித்தது. கண்டக்டர் காலை வைத்து, கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, "ரப்பர்" என்றார்.

"ஆஹா!"

அடுத்ததைக் காலால் தேய்த்தார். இழைகள் நொறுநொறுவென்று சத்தம் போட்டன. "அந்தச் சுருள் மேட். உங்க அக்கா தடவினது."

"பார்த்தீங்களாம்மா? நான் சொன்னேன்ல?"

கடைக்காரம்மா கைதட்டினார். கண்டக்டரும் லேசாகச் சிரித்தார். காது காப்பாற்றிவிட்டது. மனைவி மட்டும் சிரிக்காமல் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மேட்டின் ஓரத்தில் மடங்கி மாட்டியிருந்தன. அதை அவர் எடுத்துவிடவில்லை.

மூன்றாவதில் மச்சானுக்குக் குறும்பு பிறந்தது. ரப்பர் மேட்டின் அடிப்பக்கம் வழுக்காமல் இருக்க முள் முள்ளாக இருக்கும். நின்றால் யாராக இருந்தாலும் 'ஐயோ' என்று குதிப்பார்கள். அவன் வாயில் விரலை வைத்து எல்லாரையும் அடக்கிவிட்டு, மேட்டைத் திருப்பி, முள் மேலே இருக்கும்படி, சத்தமே வராமல் மெல்ல வைத்தான்.

கண்டக்டர் காலை வைத்தார். எடையைப் போட்டார். தேய்த்தார். சத்தம் ஒன்றும் வரவில்லை. கேட்டுப் பார்க்கக் காதுக்கு எதுவும் இல்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இதுதான்" என்றார் கண்டக்டர். "கம்பளி மேட். மெத்து மெத்துனு இருக்கு. இதையே போட்டுடலாம்."

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா! முள்ளு மேல நிக்கிறீங்க மாமா! நடிப்பைப் பாரேன், முகத்துல ஒரு சுளிப்புகூட..."

அக்காவின் முகத்தைப் பார்த்தான். மீதிச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

கண்டக்டர் கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். பாதத்தைத் தூக்கினார். அடிப்பாகம் முழுவதும் சின்னச் சின்னக் குழிகள் பதிந்திருந்தன. அவற்றை யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

தைப்பவர் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மனைவி அவர் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். "எத்தனை நாளா இப்படி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்ச நாளா."

"சூடு, குளிர்?"

"தெரியல."

"ஆஸ்பத்திரியில சர்க்கரைக்காரங்க காலுக்குச் சுத்தின துணிங்களைத் தினமும் நான்தாங்க துவைக்கிறேன். என்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ?"

அவளால் எதுவும் செய்திருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தது. அவள் குனிந்து அவருடைய பாதத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். துடைப்பதும் அவருக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மச்சான் கார் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நின்றான். மாமாவிடம் கொடுக்கவும் முடியவில்லை, பையில் போட்டுக்கொள்ளவும் கை வரவில்லை. "மாமா, நான் சும்மா விளையாட்டுக்கு..." என்றான்.

"நீ என்னப்பா பண்ணுவ" என்றார் கண்டக்டர்.

வேறொரு வண்டி வாசலில் வந்து ஹார்ன் அடித்தது. கடைக்காரம்மா தயங்கித் தயங்கி வந்தார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. வண்டியை எடுத்தாதான் அடுத்தவங்க வர முடியும். எந்த மேட்டைப் போடட்டும்?"

கண்டக்டர் குவியலைப் பார்த்தார். காலையிலிருந்து ஒதுக்கியவை எல்லாம் அதில் இருந்தன. அவற்றில் எதன்மேலும் குற்றம் இல்லை என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"மாப்ளே, நீ சொல்லு" என்றார். "ஓட்டுறவன் காலுக்குத்தானே பார்க்கணும்."

மச்சான் குவியலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எதையாவது போடுங்கம்மா" என்றான்.

கடைக்காரம்மா தானாகவே சுருள் மேட்டை எடுத்துப் போய் மாட்டினார். டிரைவர் பக்கத்து மேட் நகராமல் இருக்கக் கொக்கி போட்டு, இழுத்துப் பார்த்து, பிரேக்கைக் கையால் அழுத்திச் சரிபார்த்தார். எப்போதும் செய்கிற வேலைதான். அன்று அதை யாரும் பார்க்கவில்லை.

மச்சான் ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்தான். பக்கத்துச் சீட்டை மாமாவுக்காகத் துடைத்துவைத்தான். கண்டக்டர் அங்கே ஏறவில்லை. பின் கதவு வழியாக ஏறி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கடைக்காரம்மா எடுத்துவந்து கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் வந்து ஓட்டுறேன் மாமா. வேனுக்கு லீவுதான்" என்றான் மச்சான், கண்ணாடியில் பார்த்தபடி. "அங்க போய்ச் சேர்ந்ததும் நீங்க கை நீட்டி ஹார்ன் அடிங்க."

கண்டக்டர் வெறுமனே தலையசைத்தார்.

மனைவி போன் செய்து மீதி நாளுக்கும் லீவு சொன்னாள். கார் கிளம்பியது. புது வண்டி, சத்தமே இல்லை. அவர் இரண்டு பாதங்களையும் மேட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், பழைய ஞாபகத்தில், கண்ணை மூடினார். மனைவி அதைப் பார்த்தாள். தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவர் தூங்கவில்லை. நெற்றி சுருங்க, எதையோ உற்றுக் கேட்பவர்போல உட்கார்ந்திருந்தார். பாலம் வந்தது, போனது. மார்க்கெட் வந்தது. ஆஸ்பத்திரி வளைவில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

கண்ணைத் திறக்காமலே மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார்.

"எங்க வந்திருக்கோம்?"

"ஆஸ்பத்திரி தாண்டியாச்சுங்க" என்றாள் அவள். "அடுத்தது நம்ம தெருதான்."