பிறந்த நேரம் என்ற கட்டம்

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் அவருக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அடுத்த மேஜைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் மூன்று குழந்தைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார். இருபத்திரண்டு வருஷம் அடித்து அடித்து, வலது மணிக்கட்டில் பட்டை கட்டும்படி ஆகிவிட்டது.

ஏழு வருஷத்துக்கு முன், எல்லா அரசு அலுவலகக் கம்ப்யூட்டர்களிலும் விவரங்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஒரு குழு போட்டார்கள். நல்ல காரியம்தான். அதுவரை ஆஸ்பத்திரிக்கு ஒரு படிவம், பள்ளிக்கு ஒரு படிவம் என்று ஜனங்கள் நாய் படாத பாடு பட்டார்கள். ஆபரேட்டர்கள் சார்பில் நம் எக்ஸ்பிரஸையும் கூப்பிட்டிருந்தார்கள். ‘பிறந்த நேரம்’ என்ற கட்டம் தேவையா என்று பேச்சு வந்ததும் மனுஷன் எழுந்துவிட்டார்.

“எதுக்கு சார் அது? லட்சக்கணக்குல அடிக்கணும், விரல் தேஞ்சிடும். ஒரே அப்பா அம்மாவுக்கு ஒரே நாள்ல ரெண்டு தடவையா பிறக்கும்? அப்படி வந்தா, தப்பா அடிச்சதுன்னு ரெண்டாவதைத் தூக்கிடுங்க.”

“இரட்டைப் பிள்ளைன்னா?” என்று யாரோ கேட்டார்கள்.

“பேர் வேற இருக்குமே சார்!”

அறையே சிரித்தது. கட்டத்தை எடுத்துவிட்டு, அவர் சொன்னதையே விதியாக எழுதிக்கொண்டார்கள். பிறந்த அன்று எந்தக் குழந்தைக்குப் பெயர் இருக்கிறது? பெயர் பிறகுதான் ஏறும், அதனால் மெஷின் அதைப் பார்ப்பதேயில்லை. ‘பெண் குழந்தை’ என்று தினமும் நூறு தடவை அடிக்கிற அந்த மகானுக்கே அது தோன்றவில்லை, பாருங்கள்!

இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டிலேயே இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். சின்னவளுக்குக் காது கேட்கவில்லை. ஐந்து வயது முடிவதற்குள் காதுக்குள் கருவி பொருத்தினால் பேச்சு வரும் என்றார் டாக்டர். மூன்று வருஷம் வரிசையில் காத்திருந்தார்கள். சென்ற மாதம்தான் எல்லா அலுவலகங்களையும் இணைத்து, குழுவின் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்த வெள்ளிக்கிழமைதான் சின்னவளின் முறை வந்தது. திங்கட்கிழமை அவளுக்கு ஐந்து முடிகிறது.

“உங்களுக்கு ஒரே பொண்ணுதான்னு காட்டுது சார். காது நல்லா கேக்குதுன்னும் இருக்கு” என்றாள் ஆஸ்பத்திரி கவுன்ட்டர் பெண். அது பெரியவளின் பதிவு.

எக்ஸ்பிரஸ் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார், கெஞ்சினார், காலில் விழாத குறை. “ரெண்டும் ஒண்ணுன்னு மெஷின் சேத்துடுச்சு. பிரிக்க மூணு மாசம் ஆகும். பிறந்த நேரம் இருந்திருந்தா இப்பவே பிரிச்சிருப்பேன் சார். அந்தக் கட்டத்தை எந்தப் புண்ணியவான் எடுத்தானோ!” என்றார் அங்கிருந்தவர்.

எக்ஸ்பிரஸ் போனை வைத்தார். ஆட்டோ பிடித்துத் தன் நாற்காலிக்கே ஓடினார். பெயர் திருத்தம் ஒரே ஒரு தடவை அனுமதி. பெரியவளின் பெயரை அழித்துச் சின்னவளின் பெயரை அடித்தார், அவளுடைய காதுப் பரிசோதனைச் சீட்டைச் சேர்த்தார். வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக அவர் அடித்ததே இல்லை. மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைத்துவிட்டது.

வராண்டா பெஞ்சில் மனைவி சின்னவளை மடியில் வைத்திருந்தாள். பெரியவள் பக்கத்தில் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்போ பெரியவ? அடுத்த வாரம் ஸ்கூல்ல சேக்கணுமேங்க. புதுசா பதிஞ்சிடுங்க.”

“பதிய முடியாதும்மா” என்றார். “அதே அப்பா, அதே அம்மா, அதே தேதி. எத்தனை தடவை அடிச்சாலும் தப்புன்னு தூக்கிடும். பிரிக்கச் சொல்லவும் வழியில்ல, அவ பேரை நானே அழிச்சிட்டேன். நான் சொல்லிக் குடுத்ததுதான்.”

பெரியவளின் கால்கள் நின்றன. அவளுக்குத்தான் எல்லாம் கேட்குமே.

“நான் என்னப்பா தப்பு பண்ணினேன்?”