கம்பஸில் எங்களைக் காட்டிக்கொடுக்காதவர்கள்

யுத்தகாலக் கொழும்பில் கம்பஸ் மாணவனுக்கு அடையாள அட்டையும் கம்பஸ் கார்டும் எப்போதும் கையில் இருக்கவேண்டும். ஆணை நேசித்த ஆண்களுக்கும் பெண்ணை நேசித்த பெண்களுக்கும் கூடவே ஒரு நல்ல பொய்யும் வேண்டும். அப்படிப் படித்து முடித்தவர்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

பிராக்டிக்கல் கொப்பி

நான் விஞ்ஞானபீடத்துப் பெடியன். சட்டம் படித்த என் காதலன் நிஹாலுக்கு ஆங்கிலத்தில் எழுதிய காதல் கடிதத்தை மறதியாக இரசாயனக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன். கொப்பிகளைச் சேர்த்து லெக்சரரிடம் கொண்டுபோகிறவள், ஆய்வுகூடத்தில் என் மேசைக்காரி சுமதி. விஷயம் வெளியில் வந்தால் படிப்பும் போச்சு, வீடும் போச்சு.

அடுத்த நாள் காலை அவள் கடிதத்தை மடித்தபடி என் கையில் வைத்தாள். "முதல் வரியோட நிப்பாட்டிட்டன். இனிமேல் கொப்பி தரேக்குள்ள ஒருக்கா உதறிப்போட்டுத் தா."

வெள்ளவத்தை செக்பொயின்ற்

ஒரு நாள் நானும் நிஹாலும் வந்த பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். என்னை ஒதுக்கி நிறுத்தினார்கள். நிஹால் சிங்களவன், அவன் போகலாம். பஸ் புறப்பட்டது, அவன் ஏறவில்லை.

இவன் உனக்கு யார் என்று சிப்பாய் அவனைக் கேட்டான். எங்கள் உறவு எந்தச் சட்டப்பிரிவில் குற்றம் என்று நிஹாலுக்கு மனப்பாடம். ஆனாலும் குரல் நடுங்காமல், இவர் எங்கட ஆள் என்று சிங்களத்தில் சொன்னான். சிப்பாய் ஒரு மாதிரி விளங்கிக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்தான்; நான் வேறு மாதிரி விளங்கிக்கொண்டு அழாமல் நின்றேன். நிஹால் சொன்ன சிங்களம் இவ்வளவுதான்: "எயா அபே கெனெக்."

கலைப்பீடத்து மீசை

கலைப்பீடத்தில் எல்லாம் சுதந்திரம் என்று நாங்கள் பொறாமைப்படுவோம். ஹட்டன் பக்கத்துச் சித்ரா அங்கே நாடகத்தில் மீசை வைத்து ராஜாவாக நடித்தாள். மண்டபமே எழுந்து கைதட்டியது. மறுநாள் அவள் தன் காதலியின் கையைப் பிடித்தபடி கன்டீனுக்குள் வந்தபோது, ஒரு மேசை முழுக்கச் சிரித்தது. நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்வையை ஒளித்துக்கொண்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

சித்ரா நேரே அந்த மேசைக்குப் போனாள். "நேத்து கைதட்டுனீங்க. இன்னிக்கு ஏன் இளிக்கிறீங்க?" சிரித்தவர்களில் ஒருத்தி எழுந்து, கதிரையை அவள் பக்கம் தள்ளினாள். "இரும்மா, இரு."

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த வீட்டு அன்ரியிடம் பக்கத்து வீட்டுக்காரி வந்து குசுகுசுத்தாள்: அந்தச் சிங்களப் பெடியன் ஒவ்வொரு ஞாயிறும் ஏன் வாறான், இரண்டு பேரும் ஒரு மாதிரியெல்லோ. கதவுக்குப் பின்னால் நின்ற நான் உடுப்புப் பையை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

அன்ரி அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். பையைப் பார்த்தார். "தம்பி, நிஹாலுக்கு உறைப்புக் குறைச்சு வேறயா ஒரு கறி வைச்சிருக்கிறன். ஆறமுந்தி வரச் சொல்லு."

ஒளிப்பதில் நான் முதல் வகுப்பு என்றே நாலு வருஷமும் நம்பியிருந்தேன். பார்த்தால், எல்லாரும் கருணைப் புள்ளி போட்டுத்தான் என்னைப் பாஸாக்கி விட்டிருக்கிறார்கள்.