மேகசீனுக்கு அடித்த பெயின்ட்

என் அக்கா வீட்டுக்காரர் காவல் படையின் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்ப்பவர். கிடங்கில் அவருக்கு 'இன்னொருதடவை' என்று பட்டப்பெயர். எதைச் சரிசெய்து கொடுத்தாலும், "இன்னொரு தடவை பாத்துடறேன்" என்று திரும்ப வாங்கிக்கொள்வார். வீட்டிலும் அதே கூத்துதான். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போனவர் திரும்பி வருவார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு மெமோ வாங்கியதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

நான் அதே அலுவலகத்தில் கிளார்க். விசாரணை வந்தால் வாக்குமூலம் எழுதுபவன்.

ஒரு திங்கட்கிழமை, கருவூல வாசலில் காவல் நின்ற பெண் மேலதிகாரிக்கு மரியாதை செய்ய விறைத்து நின்றாள். ரைஃபிளின் அடிக்கட்டை தரையில் இடித்ததும் குண்டு போடும் பெட்டியான மேகசீன் கழன்று அவர் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது. உள்ளே முழுக்கக் குண்டுகள். மனிதர் கொதித்துப்போனார். சரியாக மாட்டாமல் காவலுக்கு வந்தாள் என்று குற்றச்சாட்டு. அவள் சேர்ந்து பதினோரு மாதம்தான், நிரந்தரமாகவில்லை. குற்றம் உறுதியானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"மாட்டுனதும் கையால இழுத்துப் பாத்தேன் சார். கெட்டியா இருந்துச்சு" என்று அன்றைக்கே அடித்துச் சொன்னாள். நான்தான் எழுதினேன்.

புதன்கிழமை மத்தியானம் அத்தான் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"தப்பு என் மேலடா. இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பளபளன்னு இருக்கட்டும்னு மேகசீனுக்கெல்லாம் ரெண்டாவது கோட் பெயின்ட் அடிச்சேன்ல? கொக்கி மாட்டுற பள்ளத்துல அது தடிச்சுப் போச்சு. கொக்கி பாதிதான் உள்ள போகுது. இழுத்தா வராது, இடிச்சா வந்துடும்."

"யாருக்கும் தெரியாதுல்ல? சுரண்டிட்டுப் பேசாம இருங்க அத்தான்."

"அந்தப் பொண்ணு?"

"சின்ன வயசு. வேற வேலை கெடைக்கும்."

சொன்னேன். இப்போது எழுதும்போதே கூசுகிறது. அவர் சுரண்டவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்று அக்கா புலம்பினாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. "இழுத்துப் பாத்தியா, இல்லியா?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் தன் கையைப் பார்த்தாள். "இல்ல சார். மறந்திருப்பேன்."

அதையும் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் அத்தான் எழுந்து முன்னால் வந்துவிட்டார். கையில், சோதனைக்கு அவரிடம் வந்திருந்த அதே ரைஃபிள், அதே மேகசீன், குண்டு இல்லாமல். மாட்டினார், டக்கென்று சத்தம் கேட்டது. இழுத்தார்; வரவில்லை. அடிக்கட்டையைத் தரையில் இடித்தார், விழுந்தது. மறுபடி மாட்டி இடித்தார், மறுபடி விழுந்தது.

"பெயின்ட் யார் அடிச்சது?"

"நான்தான் சார். யாரும் அடிக்கச் சொல்லல. அடிச்சப்புறம் கையால இழுத்துத்தான் பாத்தேன். தரையில இடிச்சுப் பாக்கல."

அவள் மேல் இருந்த குற்றச்சாட்டு அங்கேயே தள்ளுபடியானது. அவருக்கு மெமோ; ஆறு மாதம் சீருடைக் கிடங்கில் வேலை. உத்தரவை டைப் அடித்தவனும் நான்தான். எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன், அதற்கொன்றும் குறைச்சல் இல்லை.

வராந்தாவில் அவள் எங்களை வழிமறித்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்போ நான் இழுத்துப் பாத்தேனா சார்?"

"பாத்தேன்னு மொத நாளே சொன்னியேம்மா" என்றேன்.

"சொன்னேன். ஆனா ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு, என் கையையே நான் நம்பல சார்." முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அவள் அழுது முடிக்கும் வரை அத்தான் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "எனக்குப் புதன்கிழமையே தெரியும்மா. தெரிஞ்சும் ரெண்டு நாள் பேசாம இருந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். யார் பேச்சைக் கேட்டுப் பேசாமல் இருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.